ஏழாவது தொட்டியின் சூடு

பிரபு,

நீ வெளிநாட்டு வேலைக்குப் போய் இறங்கியதும் அனுப்பிய போட்டோ வந்தது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. அது பனியா, மேகமா, இல்லை உன் போன் கேமரா சரியில்லையா என்று உங்கப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீ கூப்பிடும்போதெல்லாம் சாப்பிட்டியா, குளிருதா, ரூம்ல கூட யாரு கீறாங்க என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. நான் சொல்ல நினைத்தது அதற்குள் நுழையவே மாட்டேன் என்கிறது. உன் அம்மா பேச்சில் கெட்டிக்காரி இல்லை என்பது உனக்குத் தெரியும். எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும். அதனால் ஆபீஸ் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து அடிக்கிறேன். அவசரமில்லை, வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தாலும் போதும்.

இனி நீ ரயில் பிரேக்குக்குப் புரோகிராம் எழுதப்போகிறாய். சொந்தக்காரர்கள் கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறேன். ஆனால் நானும் அதே சி மொழியில் இத்தனை வருஷம் சோறு தின்றவள். நீ அடிக்கும் ஒரு வரியை நம்பி, உன்னைத் தெரியாத ஜனங்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்கள் என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பயம் என்று சொல்ல முடியவில்லை. பெரிய ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது கரையில் நின்று பார்ப்போமே, அந்த மாதிரி ஒன்று. திருப்புலிவனம் ரோட்டு அரிசி மில்லில் நடந்ததில் பாதியை நீ பார்த்தாய். பார்க்காத பாதியையும் சேர்த்து இப்போது சொல்கிறேன்.

நீ பெங்களூர் வேலையை விட்டு, மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்கு முந்தின வாரம் அது. எங்கள் கம்பெனி செய்து கொடுத்த கன்ட்ரோல் பெட்டியில் டிஸ்பிளே மங்கிவிட்டது என்று மில்லிலிருந்து கூப்பிட்டார்கள். ராஜகுளம் ஆபீஸிலிருந்து நேராக அங்கே போய்விட்டேன். நீ சின்ன வயதில் என்னோடு வந்திருக்கிறாய், ஞாபகம் இருக்காது. உமியை எரித்துப் பாய்லரில் நீராவி செய்வார்கள். அந்த ஆவி குழாய் வழியாக வரிசையாக நிற்கும் தொட்டிகளுக்குப் போய், ஊறின நெல்லை அவிக்கும். பாய்லரில் பிரஷர் ஏழு கிலோவைத் தாண்டினால் எங்கள் பெட்டி கத்த வேண்டும், நெருப்புக்குக் காற்று தள்ளும் ஃபேனை நிறுத்த வேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஓடுவது நான் எழுதிய புரோகிராம்.

நான் டிஸ்பிளேவைக் கழற்றப் போகும்போது பாய்லர் மேலே இருக்கும் சேஃப்டி வால்வு திறந்துகொண்டது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காதில் கேட்டது என்பதைவிட நெஞ்சில் இடித்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். ஆவி கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி மேலே பாய்ந்தது. களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கையில் பலகையோடு அப்படியே ரோட்டுக்கு ஓடினார்கள். நான் ஸ்குரூடிரைவரோடு நின்ற இடத்திலேயே நின்றேன். பாய்லர் பார்த்துக்கொள்ளும் முனுசாமி மட்டும் அதை நோக்கிப் போனார். ஃபேன் சுவிட்சைக் கையால் அணைத்தார், தொட்டிகளுக்குப் போகும் ஆவியைத் திறந்துவிட்டார், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைக் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் வால்வு மூடிக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த வால்வு வெறும் ஸ்பிரிங்கும் இரும்பும். எட்டு கிலோவில் திற என்றால் திறக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு எல்லோரையும் காப்பாற்றியது அதுதான்.

சத்தம் அடங்கியதும் முனுசாமி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சுவரில் இருந்த எங்கள் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு ஒன்றும் நடக்காத மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

"மேடம், முள்ளு எட்டு கிலோவைத் தொட்டுச்சி. உங்க பொட்டி ஏன் கம்முனு கீது?"

"பார்த்துச் சொல்றேங்க" என்றேன்.

"கோவமா கேக்கல மேடம். என் பொஞ்சாதி இந்தக் களத்துலதான் வேல செய்யுது. இது கத்தும்னு நம்பித்தான் நான் உமி கொட்டிக்கினு நிக்கிறேன். கத்தலன்னா நான் இன்னாத்த நம்பி நிக்கிறது?"

அவர் குரல் உயரவே இல்லை. மில் முதலாளி வந்து தொட்டியில் நெல் ஊறிக்கொண்டிருக்கிறது, அவிக்காவிட்டால் புளித்துவிடும், சாயந்திரமாவது அடுப்பைப் பத்தவை என்றார். முனுசாமி முடியாது என்று தலையை ஆட்டினார். ஊறின நெல்லில் முடிந்ததை டிராக்டரில் ஏற்றிப் பக்கத்து ஊர் மில்லுக்கு அனுப்பினார்கள். நான் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். உங்கப்பா கேட்டார், "இன்னா, யாரோ போயிட்ட மாதிரி கீற?" என்று. "யாரும் போவல" என்று சொன்னேன்.

நீ வந்து சேர்ந்தபோது அந்தப் பெட்டி ஹாலில் மேஜை மேல் திறந்து கிடந்தது. சென்சார்களுக்குப் பதிலாக ரேடியோ வால்யூம் மாதிரி திருகுகளை வரிசையாக மாட்டியிருந்தேன். திருகினால் சூடு ஏறிய மாதிரி பெட்டி நம்பும். பிரஷரைச் சோதிக்கும் பகுதியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. லிமிட் எழுநூறு என்று எழுதியிருந்தேன், ஏழு கிலோவுக்கு அதுதான் கணக்கு. அதைத் தாண்டினால் கத்து என்று எழுதியிருந்தேன். இரண்டும் சரி. சரியாக எழுதியிருப்பதை நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நீ பையைக்கூட உள்ளே வைக்காமல் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டாய். உன் முதல் கேள்வி எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"அம்மா, இதுக்கு முன்னாடி அந்தாளு வேற எதுனா சொன்னாரா?"

"காலைல பாய்லர் பத்தவெச்சா சும்மா கத்துதுன்னு சொல்லிக்கினு இருந்தாரு. ரீசெட் பண்ணிக்கினே இருந்தா, தொட்டி சூடானதும் நின்னுடுதாம். ஒயரு லூஸா இருக்கும்னு நினைச்சேன்."

"தொட்டி சூடானா நிக்குதா?" என்று கேட்டாய். பிறகு அந்த லிமிட்டை வினாடிக்கு ஒரு தடவை ஸ்கிரீனில் காட்டும்படி ஒரு வரி சேர்த்தாய். நான் அது எதற்கு என்று கேட்டேன். மாறாத எண்ணை எதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும்? நீ திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போனாய். ஆறு வரைக்கும் ஸ்கிரீனில் ஒன்றும் அசையவில்லை. ஏழாவது தொட்டியின் திருகை நீ திருப்பினாய். பிரஷர் லிமிட் ஏறியது.

திருகைக் குறைத்தாய், லிமிட் இறங்கியது. ஏற்றினாய், ஏறியது. நீ திருப்புவதும் அந்த எண் அசைவதும், எங்கோ தூரத்தில் இருக்கிற கதவு உன் விரலுக்குத் திறந்து மூடுகிற மாதிரி இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது பிரபு. மாதக்கணக்காக அந்த மில்லில், அந்தப் பெட்டிக்குள், ஒரு தொட்டியின் சூடு பாய்லரின் லிமிட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தொட்டி ஆறியிருக்கும் காலையில் லிமிட் தரையில் கிடந்திருக்கிறது, அதனால்தான் வீணாகக் கத்தியது. பெட்டி சூட்டைப் பத்தால் பெருக்கி வைக்கும், அதனால் தொட்டி எண்பத்தைந்து டிகிரியைத் தொட்டதும் லிமிட் எண்ணூற்றைம்பது, அதாவது எட்டரை கிலோவுக்குப் போயிருக்கிறது. வால்வு திறக்கும் எட்டையும் தாண்டி.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதற்கப்புறம் நேரமாகவில்லை. முதலில் அந்த மில்லில் ஆறு தொட்டிதான். சூட்டை வைக்க ஆறு இடம் கொண்ட அரே ஒன்று ஒரு ஃபைலில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், மெமரியில் ஒட்டினாற்போல, பிரஷர் லிமிட். முதலாளி இரண்டு தொட்டி கூடுதலாகக் கட்டியபோது, ஆறு என்று இருந்த இடங்களைத் தேடித் தேடி எட்டு என்று மாற்றினேன். தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வரும் லூப்பில் மாற்றினேன், டிஸ்பிளேவில் மாற்றினேன். அரே இருந்த ஃபைலில் மாற்றவில்லை. ஏழாவது தொட்டியின் சூடு தனக்கென்று இடம் இல்லாமல் பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சி மொழி ஒரு வார்த்தை கேட்காது. எழுதச் சொன்னாய், எழுதினேன் என்று போய்க்கொண்டே இருக்கும். இது எனக்குப் புதிதா? பாலிடெக்னிக்கில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். தெரிந்திருப்பது வேறு, சாயந்திரம் பஸ்ஸுக்கு நேரமாகும்போது கை செய்வது வேறு.

நான் உடனே அந்த ஆறை எட்டாக்கி, பெட்டியை மூடிக் கிளம்பப் பார்த்தேன். முதலாளி போனில் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை, அது உன் பழக்கமில்லை. கேட்டது இவ்வளவுதான்:

"அம்மா, அடுத்த வருஷம் அவரு ஒன்பதாவது தொட்டி கட்டினா?"

"அப்போ ஒன்பதுன்னு மாத்திடுவேன்."

"நீதான் மாத்துவியா? நீ ரிட்டயர் ஆன அப்புறம்?"

நீ ஒரு புது ஃபைல் திறந்தாய். "எத்தனைன்னு நாம எதுக்கு எழுதணும்? அரேகிட்டயே கேட்டுக்கலாம். மொத்தமா நீ எவ்ளோ இடம் புடிச்சிக்கினு கீற, உனக்குள்ள ஒரு ஆளு எவ்ளோ இடம் புடிக்கிறான். அத இதால வகுத்தா, எத்தன பேருன்னு வந்துடப் போவுது." சொல்லிக்கொண்டே அதை, பெயரை எழுதினாலே கணக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு வரி மேக்ரோவாக அடித்தாய். அப்புறம் என் புரோகிராம் முழுக்கப் போய், ஆறு, எட்டு என்று நான் கையால் எழுதி வைத்த எல்லா இடத்திலும் அந்த மேக்ரோவைப் போட்டாய். இதுவும் எனக்குத் தெரியாத வித்தை இல்லை. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் என் எண்களெல்லாம் ஒவ்வொன்றாக மறைந்து, அந்த இடத்தில் ஒரு கேள்வி வந்து உட்கார்வதைப் பார்த்தபோது, ஏதோ என் வீட்டையே யாரோ விளக்கேற்றிக் காட்டுகிற மாதிரி இருந்தது. எத்தனை இடத்தில் ஒரே விஷயத்தை நான் மனப்பாடமாக எழுதி வைத்திருந்தேன்! ஒன்றுக்கொன்று பொய் சொன்னது ஒரே இடத்தோடு நின்றதே அதிசயம்.

அதோடு முடிந்தது என்றுதான் நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்து, கிளம்புவதற்கு முன்னால் திருகுகளை ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன். எந்தத் தொட்டி அளவுக்கு மேல் சூடானாலும் பெட்டி கத்த வேண்டும். முதலாவது கத்தியது. இரண்டாவது கத்தியது. மூன்றாவதைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். பெட்டி சும்மா இருந்தது. நாலாவது, ஐந்தாவது, எட்டாவது வரைக்கும் எதுவும் இல்லை.

உன் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அந்த முகத்தைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன் வயதில் நானாக இருந்தால் திருகு சரியில்லை என்று சொல்லியிருப்பேன், ஒயரை ஆட்டிப் பார்த்திருப்பேன். நீ மேக்ரோவைத்தான் பார்த்தாய். சோதிக்கிற வேலையைச் செய்யும் ஃபங்ஷனுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டாய்.

"அரேவை ஃபங்ஷனுக்குள்ள அனுப்புனா அரே போறதில்லம்மா. அட்ரஸ் மட்டும்தான் போவுது. வூட்டு அட்ரஸ் குடுத்தா வூட்ல எத்தன பேருன்னு தெரியாது இல்ல? நான் பாட்டுக்கு அட்ரஸோட சைஸை வகுத்துக்கினு கீறேன். அது நாலு பைட்டு. ஒரு சூடு ரெண்டு பைட்டு. ரெண்டே பேருன்னு சொல்லிடுச்சி."

எட்டுத் தொட்டியில் ஆறை யாரும் பார்க்கவில்லை. ஒரு எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. பாதுகாப்புக்கு என்று போட்டதே கண்ணை மூடிக்கொண்டது. நீ மெதுவாகச் சொன்னாய், "நீ திருகாம போயிருந்தா, நான் செஞ்சது உன்னோட பழசைவிட மோசம்." நான் உனக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். நீ அதற்குள் வேலையில் இறங்கிவிட்டாய். உனக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. தன் தப்பைப் பார்த்துச் சுருங்காமல், இந்தத் தப்பு இனிமேல் யாருக்கும் வரக்கூடாது என்று யோசிக்கிற பிள்ளை எப்போது எனக்குப் பிறந்தது, எப்போது இவ்வளவு வளர்ந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். குக்கர் விசில் அடித்ததைக்கூட உங்கப்பாதான் போய் நிறுத்தினார்.

இரண்டாவதாக நீ எழுதிய மேக்ரோ கொஞ்சம் நீளம். அது எண்ணிச் சொல்வதற்கு முன்னால், நாம் எழுதுவதை மெஷின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரிடம் ஒன்று கேட்கும்: கையில் கொடுத்தது நிஜமான அரேவா, வெறும் அட்ரஸா? அட்ரஸ் என்றால் எண்ணிச் சொல்லாது, புரோகிராமையே உருவாக விடாது. அதைப் போட்டுவிட்டு நீ கம்பைல் பண்ணினாய். ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. நான் பதறிவிட்டேன். சிவப்பு என்றால் எனக்கு எப்போதும் திட்டு வாங்குகிற நிறம்தான். உன் முகத்திலோ அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு.

"பாரும்மா, இங்க எல்லாம் மாட்டிக்கினு இருந்துச்சி. இதுல எதுவும் இனிமே மில்லு வரைக்கும் போவாது. மேஜையிலயே நின்னுடும்."

பிரபு, எனக்கு அந்த நிமிஷம் ஏற்பட்டதை எப்படிச் சொல்வது? நான் இத்தனை வருஷம் புரோகிராம் எழுதியதெல்லாம் மெஷினுக்குச் சொல்வதற்காக: இதைச் செய், அதைச் செய். நீ எழுதியது அப்படி இல்லை. அது மெஷினுக்குள் போவதே இல்லை. மெஷின் ஓடும்போது அந்த வரி அங்கே இருக்காது, ஒரு பைட்டுகூடப் பிடிக்காது. எழுதுகிற ஆளின் கையைப் பார்த்துக்கொண்டு, கை தப்பினால் அங்கேயே நிறுத்திவிட்டு, சரியாக இருந்தால் சுவடு இல்லாமல் கரைந்துவிடும். கோயில் வாசலில் நின்று கும்பிடத் தோன்றுமே, அப்படி ஒரு வரியைப் பார்த்து எனக்குத் தோன்றும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

மூன்றாவதாக ஒன்று செய்தோம், அதில் நமக்குச் சண்டையே வந்தது. ஓடும்போது தெரியவரும் தப்புகளுக்கு ஒரு மேக்ரோ வேண்டும் என்றாய். எத்தனையாவது இடத்தில் எழுதப்போகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் பார்த்து, இல்லாத இடம் என்றால் எழுதாமல் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எதை நிறுத்துவது? "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடலாம்" என்றாய். "தண்ணி பம்பு நிக்கக்கூடாதுடா. உள்ள நெருப்பு கங்கா இருக்கும்போது தண்ணி வத்துனா பாய்லரே போயிடும்" என்றேன். நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, ஃபேன் நிற்கட்டும், உமி நிற்கட்டும், அலாரம் அடிக்கட்டும், தண்ணீர் மட்டும் ஓடட்டும் என்று மாற்றினாய். அந்தப் பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. என் மகனிடமிருந்து அப்படி ஒரு பார்வை கிடைத்ததை நான் உங்கப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

மறுநாள் மத்தியானம் நாம் இரண்டு பேரும் பெட்டியோடு மில்லுக்குப் போனோம். முதலாளி மாட்டு, மாட்டு என்று பறந்தார். முனுசாமி கையைக் கட்டிக்கொண்டு தூர நின்றார். சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அவர் என்னை மரியாதைக்காக நம்புவார், மனசால் நம்ப மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நீ அவரிடம் போய், "அண்ணே, இப்ப நாங்களே வேணும்னு தப்பு பண்ணிக் காட்டறோம், பாருங்க" என்றாய். இல்லாத தொட்டி ஒன்றுக்குச் சூடு எழுதச் சொல்லி ஒரு வரி போட்டு, அதையே பெட்டிக்குள் ஏற்றினாய். பாய்லரில் நெருப்பு இல்லை, ஃபேனும் பம்பும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பெட்டி கத்த ஆரம்பித்தது. ஃபேன் இரைச்சல் மெல்ல இறங்கி நின்றது. பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. முனுசாமி ஃபேன் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தார். பம்பு மேலே கை வைத்து அது அதிர்வதைப் பார்த்தார்.

"தப்பு பண்ணா கத்துது. சரி. தப்புன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"எத்தன தொட்டின்னு இப்ப அதுக்கே தெரியும்ணே. நாங்க சொல்லத் தேவயில்ல."

அவர் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் உன்னைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி பண்ணு" என்றார். நீ பண்ணினாய். அதற்கப்புறம் சரியான புரோகிராமை ஏற்றினோம், அவர் உமியைத் தள்ளிப் பத்தவைத்தார். முள் மெதுவாக ஏறியது. ஆவி தொட்டிகளுக்குள் இறங்கி, நெல் அவிகிற வாசனை களம் முழுக்க வந்தது. வேலை தொடங்குமா என்று காத்திருந்த பெண்கள் ரோட்டு ஓரத்திலிருந்து ஒவ்வொருவராக உள்ளே வந்து நெல்லைக் கிளற ஆரம்பித்தார்கள். அவர்களில் முனுசாமியின் மனைவி யார் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் பாய்லர் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், புருஷன் நிற்பதைப் பார்த்தாள், முந்தானையைச் சொருகிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். நீ அப்போது லேப்டாப் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். நீ பார்த்திருக்க வேண்டும்.

நீ பார்க்காத இன்னொன்று நேற்று நடந்தது. அதனால்தான் இன்றைக்கு லீவு போட்டேன்.

எங்கள் கம்பெனியில் எஸ்தர் என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அம்மா அப்பா நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். ஏனாத்தூர்ப் பக்கம் தங்கிப் படித்து முடித்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் குரல் எங்களுக்குச் சரியாகக் கேட்டதே இல்லை. எது கேட்டாலும் முதலில் "சாரி மேடம்" என்பாள். அவளிடம் வேறொரு மில்லின் வேலையைக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பெயர் வரிசை, ஒரு லிமிட் வரிசை. புதுத் தொட்டியை லிமிட் வரிசையில் சேர்த்துவிட்டுப் பெயர் வரிசையில் சேர்க்க மறந்துவிட்டாள். அவள் கம்பைல் பண்ணியதும் சிவப்பாக வந்து நின்றுவிட்டது. அவள் முகம் வெளிறியதை நான் எதிர் மேஜையிலிருந்து பார்த்தேன். திட்டு விழும் என்று நினைத்திருப்பாள்.

அப்புறம் அவள் ஸ்கிரீனுக்குக் கிட்டே போய் எதையோ வாய்க்குள் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"மேடம், எரர்ல தமிழ் வருது" என்றாள். "இங்கிலீஷ் எழுத்துல, ஆனா தமிழ்."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். நீ கொடுத்துவிட்டுப் போன ஃபைலில் இரண்டு வரிசையின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மேக்ரோ ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். நான் அதைத் திறந்து முழுசாகப் படித்ததில்லை, இதுவரை அது யாரையும் நிறுத்தியதும் இல்லை. ஸ்கிரீனில் சிவப்பில் இப்படி இருந்தது: ரெண்டு வரிசையும் ஒரே நீளம் இல்லைங்க. பரவால்ல, இன்னொன்னையும் ஒரு வாட்டி பாத்துடுங்க.

எஸ்தர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அவ்வளவு தெளிவாக அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னொரு வரிசையைத் திறந்தாள், விட்டுப்போன பெயரைச் சேர்த்தாள், மறுபடியும் கம்பைல் பண்ணினாள். சிவப்பு போய்விட்டது. அவள் "சாரி மேடம்" என்று சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "யாரு மேடம் இத எழுதுனது?" என்று கேட்டாள்.

நீ அதை எழுதும்போது யாரை நினைத்துக்கொண்டு எழுதினாய் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். யாரையும் இல்லை. பெயர் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது, எந்த வருஷம் வந்து உட்காருவார் என்று தெரியாது. ஒன்று மட்டும் உனக்கு நிச்சயமாகத் தெரியும்: இந்த வரியைப் படிக்கும் நேரத்தில் அந்த ஆள் ஒரு தப்பு பண்ணியிருப்பார். அப்படிப்பட்டவரைத்தான் நீ "ங்க" போட்டுக் கூப்பிட்டிருந்தாய்.

"என் பையன்" என்றேன் அவளிடம்.

அங்கே குளிர் அதிகம் என்கிறாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன்
அம்மா